டெவலப்பர் ரோலரின் மின்னழுத்தம்: அடர்த்தியைக் குறைத்தால் பின்னணிக் கறையோடு எழுத்தும் மெலிவது ஏன்?

நகல்கடை எழுதியது:

வணக்கம். எங்கள் நகலகத்தில் உள்ள ஒற்றை நிற லேசர் பிரிண்டர் சில வாரங்களாகத் தாளின் வெற்றிடத்தில் மெல்லிய சாம்பல் படலத்தைப் படியவிடுகிறது. எழுத்துகளும் கருப்புக் கட்டங்களும் குறையின்றி விழுகின்றன. கெடுவது வெள்ளை மட்டுமே. அடர்த்தி அமைப்பைச் சற்றுக் குறைத்தால் படலம் ஏறக்குறைய மறைந்துவிடுகிறது. ஆனால் அப்போது புலப்படங்களில் உள்ள மெல்லிய எல்லைக் கோடுகள் அங்கங்கே அறுந்துபோகின்றன. டோனர் (அச்சுத் தூள்) நிரப்பித் தருபவர், குறைத்தே ஓட்டுங்கள் என்கிறார். எல்லைக் கோடு அறுந்த புலப்படத்தை வாடிக்கையாளரிடம் எப்படிக் கொடுப்பது?

அடர்த்தியை மாற்றும்போது பிரிண்டருக்குள் உண்மையில் மாறுவது எந்த மின்னழுத்தம், அதை மல்டிமீட்டர் கொண்டு அளந்து பார்க்க முடியுமா என்பதை விவரம் அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

உயரழுத்தம் எழுதியது:

கருப்பு சரியாக இருக்கிறது, வெள்ளை மட்டும் கெடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதே முக்கியமான தடயம். டோனர் எங்கே ஒட்ட வேண்டும், எங்கே ஒட்டக் கூடாது என்பதைத் தனியொரு மின்னழுத்தம் தீர்மானிப்பதில்லை. ஒளி பட்டால் மின்னூட்டம் இழக்கும் உருளையான டிரம்மில் லேசர் படாத இருண்ட பகுதி, லேசர் பட்ட பகுதி, டிரம்முக்கு டோனரைக் கொண்டுவரும் டெவலப்பர் ரோலர் ஆகிய மூன்றின் மின்னழுத்தங்களுக்கு இடையே உள்ள இரண்டு வித்தியாசங்கள்தாம் அதைத் தீர்மானிக்கின்றன.

எண்களை வைத்துச் சொல்கிறேன். இவை மாடலுக்கு மாடல் மாறக்கூடிய மாதிரி எண்கள். விகிதத்தை மட்டும் கவனியுங்கள். முதலில் பிசிஆர் எனப்படும் சார்ஜ் ரோலர் டிரம்மின் மேற்பரப்பு முழுவதையும் ஏறத்தாழ −600 வோல்ட்டுக்குக் கொண்டுவருகிறது. எழுத்து வர வேண்டிய இடங்களில் மட்டும் லேசர் ஒளி படுகிறது; அங்கே ஒளிக்கடத்திப் படலம் மின்னூட்டத்தைக் கசியவிடுவதால் மின்னழுத்தம் −100 வோல்ட் அளவுக்கு இறங்குகிறது. டெவலப்பர் ரோலர் இந்த இரண்டுக்கும் நடுவே, −400 வோல்ட்டில் நிறுத்தப்படுகிறது. டோனர் துகள்களும் எதிர்மின்னூட்டம் கொண்டவை. ஆகவே லேசர் பட்ட இடத்தை நோக்கி அவற்றை 300 வோல்ட் வித்தியாசம் இழுக்கிறது; லேசர் படாத இடத்திலிருந்து 200 வோல்ட் வித்தியாசம் அவற்றை ரோலருக்கே திருப்பித் தள்ளுகிறது. முதல் வித்தியாசத்தால் கருப்பு கருப்பாகிறது, இரண்டாவதால் வெள்ளை வெள்ளையாகவே இருக்கிறது.

அடர்த்தி அமைப்பை மாற்றும்போது பெரும்பாலான ஒற்றை நிற இயந்திரங்களில் நகர்வது நடுவில் உள்ள அந்த டெவலப்பர் மின்னழுத்தம்தான். நீங்கள் குறைத்தபோது அது −400லிருந்து −330க்கு வந்தது என்று கொள்வோம். வெள்ளையைக் காக்கும் வித்தியாசம் 200லிருந்து 270 ஆக உயர்கிறது, கறை குறைகிறது. கருப்பை இழுக்கும் வித்தியாசம் 300லிருந்து 230 ஆகச் சரிகிறது. முழுக் கருப்புக் கட்டத்தில் இது கால்பங்கு இழப்பு. டோனர் போதுமான அளவு படிந்துவிடுவதால் கண்ணுக்கு அதிகம் தெரியாது. மெல்லிய கோட்டின் கதை வேறு. லேசர் புள்ளியின் விளிம்பு கூர்மையாக முடிவதில்லை என்பதால், ஒரு புள்ளி அகலமே உள்ள கோட்டில் டிரம்மின் மின்னழுத்தம் −100 வரை இறங்குவதே இல்லை. −250 அளவில் நின்றுவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் கோட்டுக்கு முன்பு கிடைத்த வித்தியாசம் 150 வோல்ட், இப்போது கிடைப்பது 80 வோல்ட் மட்டுமே. உங்கள் எல்லைக் கோடுகள் அறுவதற்குக் காரணம் இதுதான்.

இனி உங்கள் பழுதுக்கு வருவோம். டிரம் −600க்குப் பதிலாக −480 மட்டுமே ஏற்கிறது என்று எண்ணிப் பாருங்கள். லேசர் பட்ட இடம் எப்படியும் −100 அருகிலேயே வந்து நிற்கும். ஆகவே கருப்பில் குறை தெரியாது. ஆனால் வெள்ளையைக் காக்கும் வித்தியாசம் 80 வோல்ட்டாகச் சுருங்கிவிடுகிறது. மின்னூட்டம் குறைந்த டோனர் துகள்கள் அந்த வேலியைத் தாண்டி வெள்ளையில் படிகின்றன. நீங்கள் விவரித்த அறிகுறிகள் இந்தக் கணக்கோடு அப்படியே பொருந்துகின்றன. எனவே அடர்த்தியைக் குறைத்தால் பழுது மறைந்திருக்குமே தவிர நீங்கிவிடாது. பார்க்க வேண்டிய இடம் டிரம்முக்கு மின்னூட்டம் தரும் பகுதி என்பது என் கருத்து.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளையைக் காக்கும் வித்தியாசத்தை ஏற்றிக்கொண்டே போனால் கறை அறவே நீங்கிவிடும் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொரு டோனரிலும் தவறான குறியுடன், அதாவது நேர்மின்னூட்டத்துடன், ஒரு சிறு பங்கு துகள்கள் இருக்கும். வித்தியாசம் அளவு மீறினால் அவை வெள்ளைப் பகுதியை நோக்கி இழுக்கப்படும். 100 முதல் 200 வோல்ட் வரையிலான இடைவெளியைப் பலரும் தேர்ந்தெடுப்பதற்குக் காரணம், இடைவெளி அதைவிடக் குறைந்தாலும் கூடினாலும் கறை கூடி, நடுவில் மட்டும் தாழ்ந்திருப்பதுதான்.

மின்னணு_மாணவி எழுதியது:

விளக்கம் தெளிவாக இருந்தது, ஐயா. எனக்கு இரண்டு ஐயங்கள் உள்ளன. டெவலப்பர் ரோலருக்கு நேர்திசை (டிசி) மின்னழுத்தத்துடன் பெரிய மாறுதிசை (ஏசி) மின்னழுத்தமும் சேர்த்துத் தரப்படுவதாகப் படித்தேன். மாறுதிசையின் சராசரி சுழியம்தானே. அப்படியிருக்க அது செய்யும் வேலை என்ன? அது டோனருக்கு மின்னூட்டம் ஏற்றுவதற்காக என்று எங்கள் வகுப்பில் ஒருவர் சொன்னார், அது சரியா? மேலும், 24 வோல்ட்டில் ஓடும் இயந்திரத்துக்குள் இந்த −400 வோல்ட் எப்படிப் பிறக்கிறது, அது நிலையாக இருப்பதை எது உறுதிசெய்கிறது?

உயரழுத்தம் எழுதியது:

டோனருக்கு மின்னூட்டம் கிடைப்பது உராய்வால். டெவலப்பர் ரோலருக்கும், அதன் மீதுள்ள டோனரை மெல்லியதாக வழிக்கும் டாக்டர் பிளேடுக்கும் இடையே நசுங்கி, மெல்லிய படலமாக வெளியே வரும்போதே அது மின்னூட்டம் பெற்றுவிடுகிறது. மாறுதிசை மின்னழுத்தத்தின் வேலை வேறு.

காந்தத் தன்மையுள்ள டோனரைப் பயன்படுத்தும் தாவல் முறையில் ரோலரும் டிரம்மும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையே சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது. ரோலரின் மீது துகள் ஒட்டியிருக்கும் விசையை வென்று அந்த இடைவெளியைத் தாண்ட வைக்க நேர்திசை மின்னழுத்தம் மட்டும் போதாது. அதனால் நேர்திசையின் மீது ஏறத்தாழ 1600 வோல்ட் உச்சி-உச்சி அளவும் 2 கிலோஹெர்ட்ஸ் அளவில் அதிர்வெண்ணும் கொண்ட மாறுதிசை அலை ஏற்றப்படுகிறது. −400ஐ மையமாகக் கொண்டு இந்த அலை ஆடும்போது ரோலர் ஒரு கணம் −1200 வோல்ட்டிலும், அரைச் சுற்று கழித்து +400 வோல்ட்டிலும் இருக்கும்.

−1200 இருக்கும் கணத்தில் டிரம்மின் எந்தப் பகுதியும், −100 ஆனாலும் −600 ஆனாலும், ரோலரைவிட நேர்மின் பக்கமே இருக்கிறது. ஆகவே டோனர் வெள்ளை, கருப்பு என்ற பேதமின்றி எல்லா இடத்துக்கும் பாய்கிறது. +400 இருக்கும் கணத்தில் துகள்கள் திரும்ப இழுக்கப்படுகின்றன. கருப்புப் பகுதியிலிருந்து இழுப்பது 500 வோல்ட், வெள்ளைப் பகுதியிலிருந்து இழுப்பது 1000 வோல்ட். ஆக, கருப்புக்குப் போனவற்றில் பெரும்பகுதி அங்கேயே தங்குகிறது, வெள்ளைக்குப் போனவை வாரி எடுக்கப்படுகின்றன. தாள் நொடிக்கு 80 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடினால் ஓர் அலைக்கு டிரம் நகர்வது 0.04 மில்லிமீட்டர்தான். டோனர் தாவும் பகுதி 2 மில்லிமீட்டர் அகலம் என்று கொண்டாலும், டிரம்மின் ஒவ்வொரு புள்ளியும் 50 முறை இந்தப் போக்குவரத்தைச் சந்திக்கிறது. பகுதியை விட்டு வெளியேறும்போது இடைவெளி அகன்று ஆட்டம் தளர்வதால், கடைசியில் எஞ்சுவதைச் சராசரி நேர்திசை மின்னழுத்தமே முடிவுசெய்கிறது. அதனால்தான் அடர்த்தி அமைப்பு நேர்திசைப் பகுதியைத் தொடுகிறது. அதிர்வெண் மிகக் கூடினால் துகள்கள் இடைவெளியைக் கடக்கும் முன்பே திசை மாறிவிடும். மிகக் குறைந்தால் தாளில் குறுக்குவரிகள் தெரியத் தொடங்கும்.

இரண்டாம் ஐயத்துக்கு: 24 வோல்ட்டை ஒரு டிரான்சிஸ்டர் வேகமாகத் திறந்து மூட, ஒரு சிறு ஃப்ளைபேக் டிரான்ஸ்ஃபார்மர் அதை உயர்த்துகிறது, டையோடும் மின்தேக்கியும் அதை நேர்திசையாக்குகின்றன. வெளியீட்டின் ஒரு சிறு பங்கு, பல மெகா ஓம் மின்தடைகள் வழியாகப் பகுக்கப்பட்டு ஆப்-ஆம்ப் எனப்படும் ஒப்பிடும் சுற்றுக்குத் திரும்புகிறது. கட்டுப்பாட்டுப் பலகை அனுப்பும் துடிப்பகலச் சமிக்ஞை வடிகட்டப்பட்டு ஒரு மேற்கோள் மின்னழுத்தமாகிறது. ஆப்-ஆம்ப் இரண்டையும் ஒப்பிட்டு டிரான்சிஸ்டரைத் திருத்துகிறது. நீங்கள் அடர்த்தியை மாற்றினால் அந்தத் துடிப்பின் அகலம் மாறுகிறது.

மின்னழுத்தத்தின் அளவைப் போலவே அது தொடங்கும் நேரமும் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. இயந்திரம் சுழலத் தொடங்கும்போது சார்ஜ் ரோலருக்கும் டெவலப்பருக்கும் இடையே உள்ள டிரம் பகுதி மின்னூட்டம் பெறாமல் இருக்கும். அந்தப் பகுதி கடந்துபோகும் முன் டெவலப்பருக்கு −400 கொடுத்துவிட்டால், அது முழுக் கருப்பாக டோனரை வாங்கிக்கொள்ளும். எனவே மின்னூட்டம் பெற்ற பகுதி வந்து சேரும் வரை, சில நூறு மில்லி நொடிகள், டெவலப்பர் மின்னழுத்தம் தாமதப்படுத்தப்படுகிறது.

பட்டறை எழுதியது:

மேலே சொன்ன கடைசிக் கருத்திலிருந்தே ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. லேசர் பிரிண்டரில் மின்னூட்டம் இழந்த இடமே கருப்பாகிறது என்பதால், சார்ஜ் ரோலருக்கு மின்னழுத்தம் அறவே வராவிட்டால் தாள் முழுக் கருப்பாக வரும். டெவலப்பருக்கு மின்னழுத்தம் வராவிட்டால் தாள் வெறுமையாகவோ மிக மங்கலாகவோ வரும். பழைய ஒளிவழி நகல் இயந்திரங்களில் மின்னூட்டம் தங்கிய இடமே கருப்பாகும். அவற்றில் சார்ஜ் போனால் வெள்ளைத் தாள் வரும். இரண்டு வகையிலும் வேலை செய்தவர்கள் இதைக் குழப்பிக்கொண்டு நல்ல டெவலப்பர் ரோலரை மாற்றுவதைப் பார்த்திருக்கிறேன்.

மல்டிமீட்டரைப் பற்றி: வேண்டாம். சாதாரண மல்டிமீட்டரின் உள்தடை 10 மெகா ஓம். உயரழுத்தப் பலகையின் வெளியீடே பல மெகா ஓம் வழியாக வருவதால், மீட்டரை வைத்த உடனே மின்னழுத்தம் சரிந்து தவறான எண்ணைக் காட்டும். அதோடு 2 கிலோஹெர்ட்ஸ் வேகத்தில் 1600 வோல்ட் ஆடும் முனையில் அதை வைப்பது மீட்டருக்கும் உங்களுக்கும் நல்லதன்று. ஆயிரம் மெகா ஓம் உள்தடை கொண்ட உயரழுத்த அளவு முனை (புரோப்) இருந்தால் நேர்திசைப் பகுதியை மட்டும் ஓரளவு நம்பி அளக்கலாம். அப்போதும் நீங்கள் அளப்பது பலகையின் வெளியீட்டைத்தான். டிரம்மின் மேற்பரப்பில் எவ்வளவு ஏறியது என்பதை அது சொல்லாது.

மீட்டர் இல்லாமலே நிறைய கண்டுபிடிக்கலாம். தாள் பாதி வழி போனதும் மூடியைத் திறந்து இயந்திரத்தை நிறுத்துங்கள். கார்ட்ரிட்ஜை வெளியே எடுத்து, டெவலப்பரைக் கடந்து தாளைத் தொடாத டிரம் பகுதியைப் பாருங்கள். எழுத்துகளுக்கு இடையே அங்கேயே தூசி படிந்திருந்தால் குறை தாளுக்கு மாறும் முன்பே நேர்ந்துவிட்டது. டிரம் சுத்தமாக இருந்து தாள் மட்டும் அழுக்காக வந்தால் டோனரை டிரம்மிலிருந்து தாளுக்கு மாற்றும் டிரான்ஸ்ஃபர் ரோலரைப் பாருங்கள். அடுத்து, அதே மாடலின் நல்ல கார்ட்ரிட்ஜ் ஒன்றைப் போட்டு ஓட்டுங்கள். கறை நின்றால் பலகை நன்றாக இருக்கிறது, குற்றம் கார்ட்ரிட்ஜுக்குள்.

நகல்கடை நண்பரிடம் ஒரு கேள்வி: படலம் தாள் முழுவதும் ஒரே சீராக இருக்கிறதா, அல்லது குறுக்குப் பட்டைகளாகக் கூடிக் குறைகிறதா? பட்டைகள் என்றால் அவற்றுக்கிடையே உள்ள தூரத்தை அளவுகோலால் அளந்து சொல்லுங்கள்.

வண்ணஅச்சு எழுதியது:

மேலே உள்ளவர்கள் சார்ஜ் ரோலரையே குற்றவாளியாக்குகிறார்கள். டோனரை அவ்வளவு எளிதில் விடுவிக்க நான் தயாராக இல்லை. 200 வோல்ட் வேலி சரியாகவே இருந்தாலும், டோனரின் மின்னூட்டம் குறைந்தால் அந்த வேலி அதைத் தடுக்காது. மின்புலம் தள்ளும் விசை துகளின் மின்னூட்டத்தைப் பொறுத்தது. மழைக்காலத்தில் ஈரப்பதம் ஏறும்போது டோனரின் மின்னூட்டம் குறைகிறது, அடர்த்தியும் கறையும் கூடுகின்றன. குளிரூட்டப்பட்ட வறண்ட அறையில் இதற்கு நேர்மாறாக நடக்கிறது. இரண்டு தயாரிப்பாளர்களின் டோனரை ஒரே தொட்டியில் கலந்தாலோ இன்னும் மோசம்; ஒரு டோனர் மற்றதை உரசி எதிர்க் குறி மின்னூட்டத்தை உண்டாக்கிவிடும்.

நான் பராமரிக்கும் வண்ண இயந்திரங்களில் இந்தச் சிக்கலை மனிதர் கையில் விட்டுவைப்பதில்லை. அவை இரு கூறு முறையில் இயங்குபவை: ஃபெர்ரைட் கேரியர் துகள்களுடன் டோனர் கலந்திருக்கும், அந்தக் கலவை காந்த ரோலரின் மீது தூரிகைபோல் நிமிர்ந்து டிரம்மை வருடும். இயந்திரம் இடைவிட்டு டிரம்மிலிருந்து நிறத்தை வாங்கித் தாளுக்கு மாற்றும் இடைமாற்றுப் பட்டையின் மீது சிறு நிறக் கட்டங்களைத் தானே அச்சிட்டு, அகச்சிவப்பு உணரியால் அவற்றின் அடர்த்தியைப் படிக்கிறது. குறைந்திருந்தால் டெவலப்பர் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. அத்துடன் டிரம்மின் மின்னழுத்தத்தையும் அதே அளவு உயர்த்தி, வெள்ளையைக் காக்கும் இடைவெளியை மாறாமல் வைக்கிறது. காலையில் இயந்திரத்தைப் போட்டதும் எதையும் அச்சிடாமல் அது சிறிது நேரம் முனகிக்கொண்டிருப்பது இதற்காகத்தான். இடைவெளி அதிகமாகிவிட்டால் இங்கே வேறு தொல்லை: கேரியர் துகள்களே டிரம்முக்குத் தாவி, நிறம் நிரம்பிய இடத்தில் வெள்ளைப் புள்ளிகளை உண்டாக்கும்.

இதைப் படித்துவிட்டு எல்லா இயந்திரத்திலும் மைனஸ் குறியையே எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். பிரதர் லேசர் பிரிண்டர்களிலும், கியோசெராவின் அமார்ஃபஸ் சிலிக்கான் டிரம் கொண்டவற்றிலும் டிரம்மும் டோனரும் நேர்மின்னூட்டம் ஏற்பவை. கணக்கு அதுவே, குறிகள் மட்டும் தலைகீழ். பிரதர் டிரம்மில் சார்ஜ் ரோலருக்குப் பதிலாக தொடாமலே மின்னூட்டம் தரும் கொரோனா கம்பியும் அதன் கீழே ஒரு கம்பி வலையும் இருக்கும். டிரம் எந்த மின்னழுத்தத்தில் நிற்க வேண்டும் என்பதை அந்த வலையே வரையறுக்கிறது. அவ்வப்போது சிறு பிடியை இடம் வலமாக நகர்த்தச் சொல்வது அந்தக் கம்பியில் படிந்த தூசியைத் துடைக்கத்தான்.

பட்டறை எழுதியது:

வண்ணஅச்சு சொல்வது பொதுவில் உண்மைதான். ஆனால் டோனரின் மின்னூட்டம் குறைந்திருந்தால் கறையோடு கருப்பும் தடித்து, எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். நகல்கடை நண்பர் எழுத்து குறையின்றி வருவதாக எழுதியிருக்கிறார். அதனால்தான் பட்டைகளைப் பற்றிக் கேட்டேன்.

நகல்கடை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. பாதியில் நிறுத்திப் பார்த்தேன். டிரம்மின் மீதே எழுத்துகளுக்கு இடையில் தூசி இருந்தது. வேறொரு கார்ட்ரிட்ஜைப் போட்டபோது தாள் தூய்மையாக வந்தது. படலம் உற்றுப் பார்த்தால் ஒரே சீராக இல்லை. தாளின் அகலம் முழுவதும் செல்லும் குறுக்குப் பட்டைகளாகக் கூடியும் குறைந்தும் இருக்கிறது. ஆனால் பட்டைகளுக்கு இடையே ஒழுங்கான தூரம் ஏதும் இல்லை. ஓரிடத்தில் விரல் அகலம், மற்றோரிடத்தில் உள்ளங்கை அகலம். ஓரம் பிசிறடிக்கவில்லை.

பட்டறை எழுதியது:

அப்படியானால் தேடும் இடம் மிகவும் சுருங்கிவிட்டது. உங்கள் கார்ட்ரிட்ஜ் வகையில் வழக்கமாக இருப்பதுபோல் 24 மில்லிமீட்டர் விட்டமுள்ள டிரம்மில் குறை என்றால் ஏறத்தாழ 75 மில்லிமீட்டருக்கு ஒருமுறை அது திரும்ப வரும். 12 மில்லிமீட்டர் விட்டமுள்ள சார்ஜ் ரோலரின் மேற்பரப்பில் குறை என்றால் 38 மில்லிமீட்டருக்கு ஒருமுறை வரும். ஒழுங்கே இல்லாமல், ஆனால் தாளின் முழு அகலத்துக்கும் ஒரே நேரத்தில் வருவது மேற்பரப்புக் குறையாக இருக்க முடியாது. ரோலருக்குப் போகும் மின்னழுத்தமே விட்டுவிட்டு வருகிறது என்று பொருள்.

சார்ஜ் ரோலரின் உலோக அச்சு ஒரு முனையில் கருப்பு நிறக் கடத்தும் பிளாஸ்டிக் தாங்கியில் சுழல்கிறது. அதன் பின்னே ஸ்பிரிங், அதன் பின்னே கார்ட்ரிட்ஜின் பக்கவாட்டில் தெரியும் உலோகத் தகடு. அச்சும் தாங்கியும் உரசும் இடத்தில் கடத்தும் கிரீஸ் இருக்க வேண்டும். கருப்பாக இருப்பதால் அதை அழுக்கு என்று நினைத்து, டோனர் நிரப்பும்போது துடைத்துவிடுவது உண்டு. அதற்குப் பதில் பற்சக்கரத்துக்குப் போடும் வெள்ளை கிரீஸைத் தடவியிருந்தால் அது மின்காப்பாகவே வேலை செய்யும். திறந்து பாருங்கள். ரோலரின் ரப்பர் பகுதியைக் கரைப்பான் எதனாலும் துடைக்காதீர்கள். உலர்ந்த, இழை விடாத துணி போதும்.

நகல்கடை எழுதியது:

திறந்து பார்த்தேன். தாங்கியில் வெள்ளை கிரீஸ்தான் இருந்தது, அதில் டோனர் கலந்து பசைபோல் இறுகியிருந்தது. அச்சின் முனையையும் தாங்கியையும் முழுவதும் துடைத்து, கடத்தும் கிரீஸைச் சிறிதளவு வைத்துப் பூட்டினேன். பட்டைகள் போய்விட்டன, அடர்த்தியை மறுபடி நடு அளவுக்குக் கொண்டுவந்த பின்பும் வெள்ளை வெள்ளையாக இருக்கிறது, புலப்படக் கோடுகளும் அறவில்லை.

ஒரு கேள்வி எஞ்சியுள்ளது. இந்த டிரம் பழையது. அதைப் புதிதாக மாற்றினால் மின்னழுத்தக் கணக்கு ஏதேனும் மாறுமா?

உயரழுத்தம் எழுதியது:

உங்கள் இயந்திரத்தில் சார்ஜ் ரோலருக்கு மாறுதிசையும் சேர்த்துத் தரப்படுகிறதா என்பதைப் பொறுத்தது. சேர்த்துத் தரும் வகையில், மாறுதிசை போதிய அளவு இருக்கும் வரை டிரம்மின் மேற்பரப்பு நேர்திசைப் பகுதியின் அளவிலேயே வந்து நிற்கும். டிரம் தேய்ந்தாலும் பெரிய மாற்றம் இருக்காது. நேர்திசை மட்டுமே தரும் வகையில் அப்படியில்லை. ரோலருக்கும் டிரம்முக்கும் இடையே உள்ள காற்று முறிந்து மின்னூட்டம் பாயத் தொடங்கவே 600 வோல்ட் அளவு செலவாகிவிடும்; −600 வேண்டுமென்றால் −1200 கொடுக்க வேண்டும். இந்தத் தொடக்கச் செலவு ஒளிக்கடத்திப் படலத்தின் தடிமனைப் பொறுத்தது. 25 மைக்ரோமீட்டர் படலம் 15க்குத் தேய்ந்தால், அதே −1200ஐக் கொடுத்தும் டிரம் ஏறத்தாழ 80 வோல்ட் கூடுதலாக ஏற்கும். அதாவது வெள்ளையைக் காக்கும் இடைவெளி அகலும், மெல்லிய கோடுகள் இன்னும் மெலியும்.

இதை ஈடுசெய்ய, சில மாடல்களில் கார்ட்ரிட்ஜின் சிப்பில் பதிவாகும் பக்க எண்ணிக்கையைப் பார்த்து இயந்திரம் மின்னழுத்தத்தைப் படிப்படியாகத் திருத்துகிறது. டோனர் நிரப்பும்போது சிப்பை மட்டும் புதிதாக்கிவிட்டுப் பழைய டிரம்மை விட்டுவைத்தால், தேய்ந்த டிரம்முக்குப் புது டிரம்மின் மின்னழுத்தம் போகும். ஆகவே டிரம்மை மாற்றும்போது சிப்பையும் சேர்த்தே மாற்றச் சொல்லுங்கள். சிப் இல்லாத மாடலானால் புது டிரம் போட்ட பின் அடர்த்தியை நடுவிலேயே விட்டு, ஒரு புலப்படத்தையும் ஒரு முழுக் கருப்புக் கட்டத்தையும் அச்சிட்டுப் பார்த்தபின் தேவைப்பட்டால் மட்டும் நகர்த்துங்கள்.